கணக்கும் ஒரு வாசிப்பே

'இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது' என்னும் பேச்சு வீடுகளிலும் வகுப்பறைகளிலும் எளிதாக எழுந்துவிடுகிறது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கையும் பிழையின்றிச் செய்யும் மாணவரும், நான்கு வரிகளில் அமைந்த ஒரு கணக்கைக் கண்டதும் திகைத்து நிற்பதுண்டு. அவருக்கு வராதது கணக்கா, வாசிப்பா என்று ஆராய்வோர் சிலரே. ஆராயாமல் சூட்டும் அப்பெயர் அவர் பின்னாளில் தேர்ந்தெடுக்கும் பாடப்பிரிவையும் தொழிலையும் மாற்றிவிடக்கூடும். ஆகவே, கணிதம் கற்பித்தலின் முதற்படி வாசிக்கக் கற்பித்தலே என்னும் கருத்து எண்ணிப் பார்க்கத்தக்கது. கொல்கத்தாவில் வாழ்ந்த கணித ஆசிரியர் ஒருவரின் பணி இக்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது.

கவிஞர்களோடு பழகிய கணித ஆசிரியர்

கேசவ சந்திர நாக் 1893ஆம் ஆண்டு மேற்கு வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்திலுள்ள குராப் என்னும் ஊரில் பிறந்தார். கொல்கத்தாவின் பவானிபூர் பகுதியில் உள்ள மித்ரா இன்ஸ்டிடியூஷன் பள்ளியில் பல்லாண்டுகள் கணிதம் கற்பித்து, அதன் தலைமையாசிரியராகவும் உயர்ந்தார். பிற்காலத்தில் புகழ்பெற்ற பாடகர் ஹேமந்த முகர்ஜியும் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயும் அப்பள்ளியில் பயின்றவர்களே.

அங்கு வங்கமொழி கற்பித்தவர் கவிஞர் காளிதாஸ் ராய். அவரது இல்லத்தில் கூடிய எழுத்தாளர்களோடு கணித ஆசிரியரும் கலந்து பழகினார். நாவலாசிரியர் சரத் சந்திரரும் அக்கூட்டத்தில் ஒருவர். கணித நூல் எழுதுமாறு அவரைத் தூண்டியவர்கள் இந்த இலக்கிய நண்பர்களே என்பர். 1930களில் வெளிவந்த அவரது 'நவ பாடிகணித்' என்னும் எண்கணித நூல் வங்காளமெங்கும் பரவியது. அவர் 1987இல் மறைந்த பின்னரும், 'கே. சி. நாக்' என்னும் பெயர் அங்குக் கணக்குப் புத்தகத்தையே குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டது.

வழுக்குமரமும் குரங்கும்

அவர் பெயரைச் சொன்னதும் வங்காளத்தார் நினைவுக்கு வருவது, எண்ணெய் பூசிய மூங்கிலில் குரங்கு ஏறும் கணக்கு. தமிழகத் திருவிழாக்களில் வழுக்குமரம் ஏறுவதைக் கண்டவர்களுக்கு அக்காட்சி புதியதன்று. அவ்வகைக் கணக்கு ஒன்றைக் காண்போம். மூங்கிலின் உயரம் 10 அடி. குரங்கு ஒரு நிமிடத்தில் 3 அடி ஏறுகிறது. அடுத்த நிமிடத்தில் 1 அடி வழுக்குகிறது. அது உச்சியைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்?

இரண்டு நிமிடத்திற்கு 2 அடி. எனவே 10 அடிக்கு 10 நிமிடம் என்று பலர் விடை கூறுவர். அது பிழை. எட்டாம் நிமிட முடிவில் குரங்கு 8 அடி உயரத்தில் இருக்கும். ஒன்பதாம் நிமிடம் அது ஏறும் நிமிடம். எஞ்சிய 2 அடியை 40 வினாடிகளில் ஏறி உச்சியைத் தொட்டுவிடும். எனவே சரியான விடை 8 நிமிடம் 40 வினாடி. பிழையாக விடை கூறியவரும் பெருக்கலிலோ வகுத்தலிலோ தவறவில்லை. 'உச்சியைத் தொட' என்னும் சொற்களைக் கண்ணால் பார்த்தார், கருத்தில் வாங்கவில்லை. கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945இல் வெளியிட்ட நூலில், கணக்கைத் தீர்க்கும் நான்கு படிகளுள் கணக்கைப் புரிந்துகொள்ளுதலையே முதலில் வைத்தார்.

வேற்றுமை உருபு மாற்றும் விடை

தமிழ் இலக்கணமும் இங்குத் துணைக்கு வருகிறது. '12ஐ 3ஆல் வகுக்க' என்றால் விடை நான்கு. '12ஆல் 3ஐ வகுக்க' என்றால் விடை கால். எண்கள் மாறவில்லை, இரண்டாம், மூன்றாம் வேற்றுமை உருபுகள் மட்டுமே இடம் மாறின. '3ஐவிட 12 எவ்வளவு அதிகம்?' என்பதற்கும் '3ஐப்போல் 12 எத்தனை மடங்கு?' என்பதற்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே. இலக்கண வகுப்பில் கற்றது கணித வகுப்பில் பயன்படுவதை மாணவர் உணர்ந்தால், இரு பாடங்களும் தெளிவு பெறும்.

முன்னோர் இவ்விரண்டையும் பிரிக்கவில்லை. வள்ளுவர் எண்ணையும் எழுத்தையும் ஒரே குறளில் வைத்து இரண்டையும் கண்கள் என்றார். காரி நாயனாரின் 'கணக்கதிகாரம்' செய்யுள் வடிவில் கணக்குக் கற்பித்தது. வங்கத்துப் பாடசாலைகளிலும் சுபங்கரர் பெயரால் வழங்கிய கணக்குப் பாடல்களைச் சிறுவர் ஓதினர். ஈசுவர சந்திர வித்யாசாகர் சிறுவயதில் கொல்கத்தாவுக்கு நடந்து வந்தபோது, வழியிலிருந்த மைல்கற்களைப் பார்த்தே ஆங்கில எண்களைக் கற்றார் என்பது அங்கு வழிவழியாகக் கூறப்படும் செய்தி. 1855இல் 'வர்ண பரிச்சய்' என்னும் நூலை எழுதி, வங்கக் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தவரும் அவரே.

ஒரு மறுப்பும் விடையும்

சொற்கள் மிகுந்த கணக்குகள் மொழியில் பின்தங்கியோருக்குச் சுமையாகும். எண்களை மட்டும் கொடுப்பதே நேர்மை என்று சிலர் வாதிடுவர். இது புறந்தள்ளத்தக்க வாதமன்று. தெற்குக் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்கின்றன. அங்கு வளரும் குழந்தை வீட்டில் தமிழும் தெருவில் வங்கமும் பள்ளியில் ஆங்கிலமும் கேட்கலாம். புரியாத மொழியில் கேட்கும் கணக்கு அக்குழந்தையின் கணித அறிவை அளக்காது. ஆயினும் சொற்களை நீக்குவது அதற்குத் தீர்வாகாது. கடைக்காரரின் ரசீதும் வங்கியின் வட்டி அறிவிப்பும் மருந்துச் சீட்டும் எண்களைச் சொற்களோடு சேர்த்தே தருகின்றன. பள்ளியில் விலக்கிய சுமையை வாழ்க்கை விலக்காது. குழந்தை தனக்குத் தெரிந்த மொழியில் கணக்கைச் சொல்லிப் பார்க்க இடமளிப்பதே தக்க வழி.

பள்ளிகள் செய்யத்தக்கவை

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. எழுதுகோலை எடுக்குமுன் கணக்கை உரக்கப் படிக்கச் செய்யலாம். என்ன கொடுக்கப்பட்டுள்ளது, என்ன கேட்கப்பட்டுள்ளது என்பதை மாணவர் தம் சொற்களில் கூறலாம். மொழியாசிரியர் மாதம் ஒருமுறை கணக்கு ஒன்றை உரைநடைப் பகுதியாக எடுத்து விளக்கலாம். மாணவர்களே தம் சந்தையையும் பேருந்தையும் விளையாட்டுத் திடலையும் வைத்துப் புதிய கணக்குகளைப் புனையலாம். பாடத்திட்டத்தை முடிக்க நேரமில்லை என்பது ஆசிரியர்களின் உண்மையான இடர்ப்பாடு. ஆனால், புரியாமல் செய்த பத்துக் கணக்குகளை மீண்டும் கற்பிக்கும் நேரத்தைவிட, ஒரு கணக்கைப் பொருளுணர்ந்து படிக்கும் நேரம் குறைவே.

கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு மேலும் பத்துக் கணக்குகளைக் கொடுக்குமுன், அந்த ஒரு கணக்கை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எந்தச் சொல்லில் அப்பிள்ளை நின்றுவிடுகிறது என்பதை ஆசிரியர் அப்போது அறிவார். கற்பித்தல் அச்சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும்.