சிறுவர்க்குப் புகையிலை விற்றல்

அசுவினி கண்ட செடிகளுக்குப் புகையிலைக் கஷாயம் தெளிப்பது குடியானவர்கள் நெடுங்காலமாக அறிந்த முறையாகும். புகையிலையை நீரில் ஊறவைத்து வடித்து, சிறிது சவுக்காரம் கரைத்துத் தெளித்தால் அப்பூச்சிகள் மடிகின்றன. அவற்றை மடியச் செய்வது அதிலுள்ள நிகோடின் என்னும் நஞ்சு. ஈரப் புகையிலையைப் பறித்துச் சுமக்கும் ஆட்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் காண்பது, அந்நஞ்சு தோலின் வழியாகவும் உடலிற் சேர்வதனாலேயாம்.

இவ்வளவு அறிந்தவர்களே, தங்கள் பத்து வயது மைந்தனிடம் காசைக் கொடுத்துப் பீடிக்கட்டு வாங்கிவர அனுப்புதல் வியப்புக்குரியது. 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின் 6-வது பிரிவின்படி, 18 வயது நிரம்பாத எவர்க்கும் புகையிலைப் பண்டம் விற்றல் குற்றம். கல்வி நிலையத்திற்கு 100 கஜ தூரத்திற்குள் பெரியவர்க்கும் விற்றலாகாது. வாங்குவது தந்தைக்கா, தனக்கா என்னும் வேற்றுமையைச் சட்டம் பாராட்டவில்லை. வாங்கினவன் சிறுவன் அல்லன் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் கடைக்காரரையே சார்ந்தது.

ஆயினும் அச்சட்டப்படி இக்குற்றத்திற்கு அபராதம் 200 ரூபாய்க்கு மேற்படாது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமோ, சிறுவர்க்குப் புகையிலை கொடுப்போர்க்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. முன்னது கடைக்காரர்க்கு ஒரு பொருட்டன்று. பின்னதை ஒரு பீடிக்காக எடுத்தாள எந்த அதிகாரிக்கும் எளிதில் மனம் வராது. இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழி வேண்டும். பூச்சிமருந்து விற்பவர் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெறுகிறார். தவறு செய்தால் அதனை இழக்கிறார். புகையிலை விற்கும் பெட்டிக்கடைக்கும் எங்கும் அவ்வண்ணமே தனி உரிமம் விதித்தல் தகும். ஒன்றிரண்டாகப் பிரித்து விற்பதையும் அதனோடு நிறுத்த வேண்டும். சிறுவன் கையிலுள்ள காசு ஒற்றைப் பீடிக்குத்தான் காணும், கட்டின்மேல் அச்சிட்ட எச்சரிக்கைப் படமும் அவன் கண்ணிற் படுவதில்லை. (மின்சிகரெட்டு 2019-இல் அனைவர்க்குமே விலக்கப்பட்டது.)

வேதாரணியத்திலும் திண்டுக்கல் பக்கத்திலும் பயிரிடுவோர், இதனால் விற்பனை குறையுமே என்று அஞ்சலாம். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. இளமையிற் பழகியவனே நெடுநாள் வாங்குவோன் ஆகிறான். ஆதலின் வியாபாரம் நாளடைவிற் சுருங்கவே செய்யும். ஆனால் அச்சுருக்கம் மெல்ல வருவது. வேறு பயிரைப் பரீட்சித்துப் பார்க்கப் போதிய அவகாசம் உண்டு. பயிரிடுவோரின் பிள்ளைகளும் அதே பெட்டிக்கடைக்குத்தான் போகிறார்கள்.

இப்போதுள்ள விதியையாவது நடத்துவிக்கக் கிராம சபையிற் கேட்கலாம். 18 வயதுக்குட்பட்டோர்க்கு விற்பதில்லை என்னும் பலகை கடைமுன் இருத்தல் வேண்டும். பள்ளியிலிருந்து தூரத்தை அளப்பதும் எளிது. பழைய நிலமளக்கும் சங்கிலி 22 கஜமாதலால், 100 கஜம் நாலரைச் சங்கிலிக்குச் சற்று மேல்.