எல்லார்க்கும் உரிய இணையம்

சரோஜினி நகர் மெட்ரோ நிலையம் 2018ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. தில்லி மெட்ரோ நிலையங்களின் தரையில் மஞ்சள் நிறத்தில் மேடுடைய ஓடுகள் பதிக்கப்பட்டிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பார்வையற்றோர் கைத்தடியாலும் காலாலும் அம்மேடுகளைத் தொட்டறிந்து வழி காண்கின்றனர். அவ்வோடுகளின்மேல் ஒருவர் பெட்டியை வைத்துவிட்டால் வழி அடைபடும். இணையத்திலும் இத்தகைய வழிகள் உண்டு. அவற்றை அடைக்கும் தடைகளும் உண்டு. அத்தடைகளை அகற்றக் கற்பிப்பதே இணைய அணுகல்தன்மைப் பயிலரங்கு. இப்பயிற்சி பொறியாளர்க்கு மட்டுமன்று, மாணவர்க்கும் வேண்டும் என்பதே என் கருத்து.

இத்தகைய பயிலரங்குகளில் தரப்படும் பயிற்சிகள் எளியவை. சுட்டியைத் தொடாமல், விசைப்பலகையை மட்டும் கொண்டு ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். பின்னர்த் திரையை அணைத்துவிட்டு, திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் குரலை மட்டும் கேட்டு ஒரு பக்கத்தை அறிந்துகொள்ள வேண்டும். என்.வி.டி.ஏ. என்பது அத்தகைய மென்பொருள்களுள் ஒன்று. பார்வையற்றவரான மைக்கேல் கரன் என்னும் ஆஸ்திரேலியர் 2006ஆம் ஆண்டு அதனை உருவாக்கத் தொடங்கினார். விலையின்றிக் கிடைக்கும் அம்மென்பொருள் தமிழையும் படித்துக் காட்டும்.

ஆனால், அது படிப்பதற்கேற்ப நாம் எழுதுகிறோமா? பொங்கல் விழா அழைப்பிதழை அழகிய படமாக்கி அனுப்புகிறோம். நாளும் நேரமும் இடமும் படத்துக்குள் அடங்கிவிடுகின்றன. படத்தை விளக்கும் மாற்றுரை இல்லையெனில், திரைவாசிப்பான் அவற்றைச் சொல்ல இயலாது. ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருவில் எழுதினால், கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது காதுக்குப் பொருளற்ற ஒலியாகக் கேட்கும். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிக்காவிட்டால், வேற்றுமொழிக் குரல் அதனைத் தடுமாறிப் படிக்கவும் கூடும். சொந்த ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் நமக்குத் தமிழைக் கேட்கும் வாய்ப்பு அரிது. அவ்வாய்ப்பை நம்முள் ஒருவருக்கு நாமே மறுக்கலாமா?

சிலருக்காக இத்துணை உழைப்பு எதற்கு என்று கேட்போர் உண்டு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். இது சிறு தொகையன்று. மேலும், கை முறிந்தவரும் முதுமையால் பார்வை மங்கியவரும் தில்லி வெயிலில் நின்று கைப்பேசியைப் பார்ப்பவரும் இவ்வசதிகளால் பயன்பெறுவர். மாற்றுரை எழுத ஒரு வரி போதும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்னும் விகிதத்தில் இருக்க வேண்டும் என்கின்றன உலகளாவிய வழிகாட்டு நெறிகள். தக்க நிறத்தைத் தேர்ந்தெடுக்கத் தனிச்செலவு ஏதுமில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. எண்மருவி வழி அணுகலும் வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. எனினும், பக்கத்தை உருவாக்குபவர் அறியாத வரையில் சட்டம் திரைக்கு வந்து சேராது. ஆகவே பயிற்சி தேவை. அதனைப் பார்வையற்றோரே முன்னின்று நடத்துவது சிறப்பு. தடை எங்குள்ளது என்பதை அதில் மோதியவரே நன்கறிவர். சரோஜினி நகருக்கு அண்மையிலுள்ள இராமகிருஷ்ணபுரத்தில் தேசியப் பார்வையற்றோர் சங்கம் இயங்குகிறது. அத்தகைய அமைப்புகளின் துணையைப் பள்ளிகள் நாடலாம்.

மாணவர்களே, உங்கள் பள்ளி மலரை இணையத்தில் ஏற்றும் முன் ஒருமுறை கண்களை மூடிக்கொண்டு அதனைக் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு விளங்காத இடமே நீங்கள் திருத்த வேண்டிய இடம்.

அருஞ்சொற்பொருள்
மாற்றுரை – படத்தில் உள்ளதைச் சொல்லும் எழுத்துக் குறிப்பு
ஒருங்குறி – உலக மொழிகளின் எழுத்துகளுக்குரிய பொதுக் குறியீட்டு முறை
எண்மருவி – கணினி, கைப்பேசி போன்ற மின்னணுக் கருவி

சிந்தித்து எழுதுக
1. அழைப்பிதழைப் படமாக மட்டும் அனுப்புவதால் விளையும் இடர் யாது?
2. ஆசிரியரின் கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணங்களுடன் எழுதுக.