மழைக்குப் பயந்து போட்ட செட்!

காசியில் ஒரு பழைய வீடு. நடுவில் முற்றம், மேலிருந்து இறங்கும் மெல்லிய வெளிச்சம். சத்யஜித் ரேயின் ‘அபராஜிதோ’ (1956) பார்த்தவர்கள் அதை நிஜ வீடு என்றே நினைப்பார்கள். அது கல்கத்தா ஸ்டுடியோவில் போட்ட செட்!

கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா முதலில் அதைத் திறந்தவெளியில்தான் போட நினைத்தார். மழைக்காலம் பயமுறுத்தவே, ஸ்டுடியோவுக்குள் போக வேண்டியதாயிற்று. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு இதில் உடன்பாடில்லை. நிழலே விழாத அந்த வானத்து வெளிச்சம் உள்ளே எப்படி வரும் என்று வாதாடினார். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன்மீது அடித்தார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளிதான் நாம் பார்க்கும் காசி வானம்.

காஷ்மீரில் வளர்ந்த பன்சி, ழான் ரெனுவாரின் ‘தி ரிவர்’ படத்தில் உதவியாளராக வேலை பார்த்தவர். ‘ஜல்சாகர்’ இசைக்கூடம், ‘சாருலதா’ வீடு எல்லாம் இவர் கைவண்ணம்தான். 1981-ல் அமெரிக்கா போன இடத்தில் இறந்துபோனார். அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

போன வாரம் அந்த முற்றக் காட்சியை மொபைலில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். துணி எங்கேயும் சிக்கவில்லை.