புகையை விடுவதற்கும் தவணை வேண்டும்

புகைபிடித்தல் உடலுக்குக் கேடு என்பதை அறியாத அங்கத்தினர் நம்முள் ஒருவரும் இலர். பீடிக் கட்டின் மேலேயே நோயுற்ற உறுப்பின் படத்தை அச்சிட்டு விற்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டேதான் கட்டைப் பிரிக்கிறோம். ஆகவே, புகையின் தீமைகளை மறுபடியும் அடுக்கிக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. விட வேண்டுமென்று மெய்யாகவே விரும்புகிறவர் ஏன் விட முடியாமல் தவிக்கிறார், அவருக்கு நம்மைப் போன்ற சங்கங்கள் செய்யக்கூடிய உதவி யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

2016-17ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட புகையிலைக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 10.7 பேர் புகைபிடிப்பவர்கள். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர், பழக்கத்தை விடும் எண்ணம் தமக்கு உண்டு என்றே கூறினர். எண்ணத்திற்குக் குறைவில்லை என்பது இதனால் விளங்கும். ஆயினும், எவர் துணையுமின்றித் தாமே விட முயன்றவர்களில் ஆறு மாதமோ ஓராண்டோ கடந்தும் புகையைத் தொடாமல் நிற்பவர் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேரே என்று மேனாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். எஞ்சியவர்களை மனவுறுதி அற்றவர்கள் என்று ஏசுவது எளிது. ஆனால், அறுந்த இழையை ஆயிரம் முறை பிணைத்துப் பொறுமையோடு ஒரு பாவை முடித்து இறக்குகிற நெசவாளருக்கு உறுதி இல்லையென்று எவரேனும் சொல்ல இயலுமா? குறை மனிதரிடத்தில் இல்லை; அவர் கைக்கொண்ட முறையிலேயே உள்ளது என்பது என் துணிபு.

அம்முறைதான் யாது? கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்வது. பேரன் பிறந்த மகிழ்ச்சியில் கட்டைத் தூக்கி எறிவது. இருமல் வந்தால் இரண்டு நாள் நிறுத்துவது. இவற்றில் உணர்ச்சி உண்டு, கணக்கு இல்லை. ‘கடனைத் திருப்பித் தந்துவிடுகிறேன்’ என்று மட்டும் எழுதிக் கையொப்பமிட்ட ஒரு பத்திரத்தை எந்த நிர்வாகக் குழுவாவது ஏற்றுக்கொள்ளுமா? எந்தத் தேதியில், எத்தனை தவணையில், எந்த வரவிலிருந்து என்று கேட்டு எழுதி வாங்கிய பிறகன்றோ காரியதரிசி பணத்தைக் கொடுக்கிறார்? பணத்திற்கு நாம் விதிக்கும் இவ்வொழுங்கை உடம்புக்கு மட்டும் விதிக்க மறந்துவிடுகிறோம்.

குறிப்பிட்ட இலக்கு ஒன்றை வைத்துக்கொள்வதால் மனிதர் செயலில் எத்துணை மாறுதல் உண்டாகிறது என்பதை மனோதத்துவ அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். அவர்களுள் அமெரிக்க அறிஞர் எட்வின் லாக் என்பவரும், அவருடன் இணைந்து உழைத்த கேரி லேதம் என்பவரும் முதன்மையானவர்கள். 1975இல் லேதமும் பால்டஸ் என்பவரும் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி நம் அங்கத்தினருக்குச் சுவையாக இருக்கும். ஓக்லஹோமா மாநிலத்தில் காட்டிலிருந்து ஆலைக்கு மரம் கொண்டுசெல்லும் லாரிகள், சட்டம் அனுமதித்த எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பங்கையே ஏற்றிச் சென்றன. இயன்ற மட்டும் ஏற்றுங்கள் என்று சொல்லிப் பயனில்லை. பிறகு, 94 பங்கு என்று ஒரு குறியை வைத்தார்கள். முதல் மாதத்தில் 80 பங்காயிற்று. இரண்டாம் மாதத்தில் சற்றுத் தளர்ந்தது. மூன்றாம் மாதத்தில் 90 பங்கைத் தாண்டி அங்கேயே நிலைத்தது. கூலி ஒரு காசும் உயர்த்தப்படவில்லை. குறி தவறியவர் தண்டிக்கப்படவும் இல்லை. இரண்டாம் மாதத்துத் தளர்ச்சியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மரம் ஏற்றுவதும் புகையை விடுவதும் ஒன்றாகுமா என்று சிலர் வினவலாம். ஆகாது. புகையிலையிலுள்ள நிகோடின் என்னும் பொருள் புகையை இழுத்த சில விநாடிகளுக்குள் மூளையை எட்டுகிறது. அதற்குப் பழகிய மூளை, அது கிடைக்காதபோது எரிச்சல், தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றை எழுப்பித் தொல்லை தருகிறது. இத்தொல்லை முதல் வாரத்தில் மிகக் கடுமையாக இருந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் பெரிதும் தணிந்துவிடும். ஒவ்வொரு முறையும் எழுகின்ற வேட்கையோ சில நிமிடங்களே நிற்பது. ‘ஆயுள் முழுதும் தொடேன்’ என்ற மலையை ஒருவர் தலையில் ஏற்றுவதைக் காட்டிலும், ‘இந்த ஐந்து நிமிடம்’, ‘இந்த வாரம்’, ‘இந்த மாதம்’ என்று பகுத்துக் கொடுப்பதில் பொருள் உண்டு என்பது இதனால் தெளிவாகும்.

ஆலோசகர் செய்வது இதுவே. அவர் போதிப்பவர் அல்லர், கேட்பவர். நாளொன்றுக்கு எத்தனை பீடி, முதல் பீடி எப்போது, எந்த வேளையில் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது என்று விசாரிக்கிறார். அங்கத்தினர் ஒருவர், தார் தீர்ந்து எழும்போது ஒன்று, தேநீர்க் கடையில் இரண்டு, இரவுச் சாப்பாட்டிற்குப் பின் ஒன்று என்று சொல்வதாகக் கொள்வோம். உழவராயின், மடை திருப்பிவிட்டு வரப்பில் உட்காரும் வேளையைச் சொல்வார். பிறகு, இரண்டு வாரத்திற்குள் ஒரு நாளை விடும் நாளாக அவரே குறிக்க வேண்டும். கூலி வாங்கும் நாளும் திருவிழா நாளும் அதற்கு ஏற்றவை அல்ல. தார் தீர்ந்து எழும்போது என்ன செய்வது? தேநீர்க் கடையில் நண்பர் நீட்டினால் என்ன சொல்வது? ஒவ்வொன்றுக்கும் ஒரு விடையை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கிறார். வீட்டாரிடம் தேதியைச் சொல்கிறார். குறித்த நாளுக்கு முந்திய இரவு, வீட்டிலுள்ள கட்டையும் தீப்பெட்டியையும் அப்புறப்படுத்துகிறார். வேண்டுமாயின் மருத்துவர் யோசனையின் பேரில் நிகோடின் சூயிங்கம் போன்றவற்றையும் துணைக்கொள்ளலாம்.

இதனால் விளையும் பயனைக் கேரளத்தில் நடந்த ஒரு சோதனை காட்டியது. 2013இல் வெளியான அவ்வாராய்ச்சியில், புகைபிடிக்கும் நீரிழிவு நோயாளிகள் 224 பேரை இரு பிரிவாக்கினர். எல்லோருக்கும் மருத்துவர் புகையை விடும்படி அறிவுரை சொன்னார். ஒரு பிரிவினருக்கு மட்டும், மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் தனியே அமர்ந்து ஆலோசனையும் வழங்கினார். ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 12.5 பேரும், ஆலோசனையும் பெற்றவர்களில் நூற்றுக்கு 51.8 பேரும் அண்மையில் புகையைத் தொடவில்லை என்றனர். அவர்கள் வாய்ச்சொல்லையே நம்ப வேண்டியிருந்தது என்பதும், நோயாளிகளுக்கு அச்சம் அதிகம் என்பதும் உண்மையே. எல்லா ஊரிலும் இத்தனை பேர் விடுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 49 சோதனைகளை ஒருங்கே வைத்து 2017இல் செய்யப்பட்ட மதிப்பீடு இன்னும் அடக்கமாகவே பேசுகிறது: சிறிதளவு உதவி மட்டும் பெற்றவர்களைவிட, தனி ஆலோசனை பெற்றவர்கள் வெற்றி பெறும் வாய்ப்பு நூற்றுக்கு 40 முதல் 80 பங்கு வரை கூடுகிறது. அவ்வளவு கிடைத்தாலே போதாதா?

சிறிது சிறிதாகக் குறைப்பதா, ஒரே நாளில் நிறுத்துவதா என்பது நம் திண்ணைகளில் ஓயாத வழக்கு. இங்கிலாந்தில் 697 பேரைக் கொண்டு செய்த சோதனை 2016இல் வெளிவந்தது. ஆறு மாத முடிவில், இரண்டு வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 15.5 பேரும், குறித்த நாளில் அடியோடு நிறுத்தியவர்களில் 22 பேரும் புகையின்றி இருந்தனர். அடியோடு நிறுத்துவதே மேல் என்று நானும் கருதுகிறேன். ‘நாளைக்கு இரண்டு’ என்ற இலக்கு, திருவிழா வந்தால் நான்காகிவிடும். ஆயினும், குறைத்துக் குறைத்து விடுவதுதான் தம்மால் இயலும் என்று ஒருவர் சொன்னால், அவரைத் திருப்பி அனுப்பிவிடலாகாது. அவருக்கும் இறுதித் தேதி ஒன்று இருந்தால் போதும். இலக்கு அவருடையது; நிர்வாகக் குழு நிறைவேற்றிய தீர்மானம் அன்று.

குறித்த தேதிக்குப் பின் ஒருவர் சறுக்குவதும் உண்டு. அந்த ஒரு பீடியைப் பற்ற வைத்ததும் ‘எல்லாம் போயிற்று’ என்று கட்டு முழுவதையும் தீர்ப்பவரே பெரும்பாலோர். ஓக்லஹோமா லாரிக்காரர்களின் இரண்டாம் மாதத்தை இங்கே எண்ணுக. ஒரு தவணை தவறியவரிடம், ஏன் தவறிற்று என்று கேட்டு, அடுத்த தவணையை ஒழுங்கு செய்வதுதானே நமது வழக்கம்? ஆலோசகரும் அவ்வாறே எங்கே, எவரோடு இருந்தபோது சறுக்கிற்று என்று கேட்டுப் புதிய தேதியை எழுதுகிறார். பரிகாசமும் கண்டனமும் செய்கிறவர் அவ்விடத்தில் அமரலாகாது. நம் சங்கங்களில் இதற்குத் தகுதியானவரைத் தேடுவதுதான் சற்றுக் கடினம்.

“ஐம்பதைத் தாண்டியாயிற்று, இனி விட்டு என்ன ஆகப்போகிறது?” என்று கேட்கும் மூத்த அங்கத்தினர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் 1951 முதல் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தைத் தொடர்ந்து கவனித்து வந்த ரிச்சர்ட் டால் முதலியோர் 2004இல் ஐம்பது ஆண்டுக் கணக்கை வெளியிட்டனர். சிகரெட் பிடித்தவர்கள் ஏறத்தாழப் பத்து ஆண்டு முன்னதாகவே இறந்தனர். நாற்பதில் விட்டவர் அவற்றுள் ஒன்பது ஆண்டையும், ஐம்பதில் விட்டவர் ஆறு ஆண்டையும், அறுபதில் விட்டவர் மூன்று ஆண்டையும் மீட்டனர். பீடி இலையால் சுற்றியது, ஆகவே சாது என்பாரும் உளர். அது வெறும் கற்பனை. பஞ்சுத் தூசியில் உழலும் நுரையீரலுக்குப் புகையும் சேர்ந்தால் கேடு இரட்டிக்கும்.

நம் அங்கத்தினரில் புகையிலை பயிரிடுபவர்களும் உளரே, அவர்கள் வயிற்றில் அடிப்பதா என்ற கேள்வியும் எழும். மாற்றுப் பயிருக்கு விலையும் சந்தையும் தேடித் தருவது சங்கத்தின் வேறொரு கடமை. அதைத் தனியே எழுத வேண்டும். பயிரிடுபவரின் மார்பும் புகைக்கு விலக்கன்று என்பதை மட்டும் இங்குக் குறிக்கிறேன்.

இனிச் செய்யத்தக்கது. 2016 முதல் அரசாங்கம் நடத்திவரும் புகையிலை விடுப்பு உதவித் தொலைபேசியின் எண் 1800-11-2356. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். விடும் நாளைக் குறிக்க அவர்களே உதவுகிறார்கள். அந்த எண்ணைச் சங்கத்து அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பதற்குச் சுண்ணாம்புக்கட்டி ஒன்றே செலவு. அடுத்ததாக, பொறுமையும் இரகசியம் காக்கும் குணமும் உள்ள அங்கத்தினர் ஒருவரை, ஆணாயினும் பெண்ணாயினும், மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பிப் பயிற்சிக்கு வழி கேட்கலாம். நூல் வழங்கும் நாளன்று ஒரு மணி நேரம் அவர் தனி அறையில் இருக்கட்டும். விரும்பி வருபவர் பெயருக்கு ஒரு பக்கம்: விடும் தேதி, சறுக்கிய நாள், அடுத்த தேதி. பீடிக்கு நாளொன்றுக்கு 30 ரூபாய் செலவிடுபவர் ஓராண்டில் 10,950 ரூபாயைப் புகையாக்குகிறார். குறித்த தேதியிலிருந்து அத்தொகையை வாரந்தோறும் அவர் பெயரிலேயே சேமிப்புக் கணக்கில் கட்டச் செய்தால், இலக்கு எவ்வளவு தூரம் கைகூடிற்று என்பது பாஸ் புத்தகத்திலேயே தெரியும். வரும் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதையும் ஒரு பொருளாகச் சேர்க்கும்படி நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.