ஏழு ஆட்டத்துக்குப் பேரு லீக்கா?

போன தீபாவளிக்கு மடுல்சீமைப் பக்கம் நடந்த உதைபந்தாட்டப் போட்டி நோட்டீஸை இன்னும் போன்ல வச்சிருக்கேன். அணிக்கு ஏழு பேர், நுழைவுக் கட்டணம், முதல் பரிசு, சுழற்கிண்ணம்னு எல்லாம் விவரமா இருக்கு. ஆகக் கடைசி வரியில சின்ன எழுத்துல: "பெண்களுக்கான விசேட நிகழ்ச்சி – சங்கீதக் கதிரை."

நானும் முதல்ல சிரிச்சேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, எங்க ஊர்ல மட்டுமா இப்படி? ஆண்களுக்குப் போட்டி, பெண்களுக்கு நிகழ்ச்சி. இந்த வித்தியாசம் தோட்டத்து மைதானத்திலிருந்து தேசிய லீக் வரைக்கும் அப்படியே இருக்கு. அதைப் பற்றித்தான் எழுதப் போறேன்.

2019 மே மாசம். ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு பாடசாலையெல்லாம் மூடி, திறந்தும் பிள்ளைகள் போகாம லயத்துல அடைஞ்சு கிடந்த காலம். மாமா பையனோட போன்ல ஒரு செய்தி வந்தது. பஞ்சாப் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதி ஆட்டத்தில், மதுரைப் பக்கத்து சேது எஃப்.சி., மணிப்பூர் பொலிஸ் அணியை 3–1ன்னு ஜெயிச்சு சம்பியன். அப்பாயிக்கு வாசிச்சுக் காட்டினேன். "மதுரையா? நம்ம சீமை ஆளுக" என்றார். உதைபந்துன்னா என்னன்னு அவருக்குத் தெரியாது. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

இப்போ கெம்பஸ்ல உக்காந்து அதே சீசனைத் தேடித் தேடி வாசிக்கிறப்போதான் கோபம் வருது. பன்னிரண்டு அணி. எல்லா ஆட்டமும் ஒரே ஊர்ல. மே மாசத்துப் பஞ்சாப் வெயில். ஆரம்பிச்சு மூன்று வாரம் ஆகுறதுக்குள்ள இறுதி ஆட்டமும் முடிஞ்சிருச்சு. சேது எத்தனை ஆட்டம் ஆடி இந்தியாவின் சம்பியன் ஆச்சு? குழுவில் ஐந்து, அரையிறுதி, இறுதி. மொத்தம் ஏழு. ஒரு முழு நாட்டின் மகளிர் லீக் சீசன் ஏழு ஆட்டத்தில் முடியுது! 2017 ஜனவரியில் கட்டாக்கில் ஆறு அணியோடு தொடங்கின நாளிலிருந்து இதே கதைதான். ஆண்கள் லீக் மாசக்கணக்கா ஊர் ஊராப் போகும். பெண்களை ஒரு ஊருக்குக் கூட்டிட்டு வந்து, அவசர அவசரமா ஆடவிட்டு, கிண்ணத்தைக் கையில கொடுத்து பஸ் ஏத்தி விடுவாங்க.

மலையகத்து ஆளுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செக்ரோல்ல பேர் இருக்கிறதுக்கும் கைகாசு வேலைக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. கைகாசுக்குக் கொழுந்து எடுத்தா அன்னைக்குக் காசு வரும், நாளைக்கு நீ யாரோ நான் யாரோ. மூன்று வார லீக்கில் ஆடுறவளுக்கும் மற்ற மாசங்கள் அப்படித்தான். இரண்டு நாளைக்கு ஒரு ஆட்டம்னு வச்சா, தொடை நரம்பு பிடிச்சவளுக்கு அந்த வருஷமே முடிஞ்சது. முதல் ஆட்டத்தில் தோற்றா, தப்பைத் திருத்திப் பழகுறதுக்கு நேரமே இல்லை. சொந்த ஊர்ச் சின்னப் பிள்ளைகள் தங்கட அணியை ஒரு தடவைகூட நேர்ல பார்க்க மாட்டாங்க. ஆட்டக்காரி உருவாகிறது கிண்ணத்தாலயா? அடுத்த ஞாயிறும் ஆட்டம் இருக்குங்கிற நம்பிக்கையாலதானே?

அதனாலதான் சொல்றேன், சேது கிண்ணம் எடுத்த 2019ஐ விட, எடுக்காத 2023–24 சீசன்தான் எனக்குப் பெருசு. அந்த டிசம்பரில்தான் முதல் தடவையா சொந்த மைதானம், எதிரணி மைதானம்னு மாறி மாறி ஆடுற முறை வந்தது. ஏழு அணிதான், ஆனா ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு ஆட்டம், மார்ச் வரைக்கும். ஒடிசா எஃப்.சி. சம்பியன். வருஷத்துக்குக் குறைந்தது 3.2 லட்சம் இந்திய ரூபா சம்பளத்தில் பத்து உள்நாட்டு வீராங்கனைகளாவது ஒவ்வொரு கழகத்திலும் இருக்கணும்னு இந்தியச் சம்மேளனம் தீர்மானிச்சதும் அந்தச் சீசனை வச்சுத்தான். பெரிய காசில்ல. ஆனா பேர் பதிஞ்ச வேலை.

உடனே சொர்க்கம் வந்துட்டதுன்னு எழுதல. 2024 மார்ச்சில், கோவாவில், அதே லீக்கின் இரண்டாம் பிரிவு நடந்தப்போ, சம்மேளன நிர்வாகி ஒருத்தர் ஹோட்டல் அறைக்கு வந்து அடிச்சதா இரண்டு வீராங்கனைகள் புகார் கொடுத்தாங்க. சம்மேளனம் அவரை இடைநிறுத்தியது. "பொம்பளப் பிள்ளைய வெளியூருக்கு எப்படி அனுப்புறது"ன்னு கேட்கிற எங்க அம்மாமாரோட பயத்தைப் பழமைவாதம்னு தள்ளிவிடுற நண்பர்களுக்காக இதை எழுதுறேன். பயம் நியாயமானது. ஆனா அதுக்குப் பதில் பிள்ளையை வீட்டில் வைக்கிறதா, இல்ல அந்த ஆளுகளை வெளியில வைக்கிறதா?

அதோட நாற்காலிச் சண்டை வேற. 2022 ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியச் சம்மேளனத்தை இடைநிறுத்தினப்போ, லீக் சம்பியன் கோகுலம் கேரளா பெண்கள் ஆசியக் கழகப் போட்டிக்காக ஏற்கெனவே தாஷ்கண்ட் போய் இறங்கிட்டாங்க. ஆடாமலே திரும்பினாங்க. எங்க நாடு சும்மாவா? 2023 ஜனவரியிலிருந்து ஏழு மாசம் இலங்கைக்கும் அதே தடை. நிர்வாகம் யார் கையிலன்னு ஆம்பளைகள் சண்டை பிடிச்சாங்க, தண்டனை பெண்களுக்கும் சேர்த்து.

நம்ம நாட்டுக் கணக்கையும் பார்த்துருவோம். 2022 தெற்காசியப் பெண்கள் போட்டியில், காத்மண்டுவில், நேபாளத்திடம் 6–0, பூட்டானிடம் 5–0. பூட்டானோட மொத்த சனத்தொகை எங்க பதுளை மாவட்டத்தை விடக் குறைவு! அவங்களும் மலைநாடுதான். எங்கள்ல பலமான பெண்கள் கழகங்கள்னா இராணுவம், கடற்படை, விமானப்படை. அதாவது பந்து உதைக்கணும்னா சீருடை போடணும். சேதுவில் ஆடின, இந்திய அணிக்கும் ஆடின கடலூர் இந்துமதி கதிரேசனும் தமிழ்நாடு பொலிஸில் உதவி ஆய்வாளர்தான். அவரை நான் குறை சொல்லல, அரச வேலைதான் அவருக்குச் சோறு. ஆனா ஒரு தமிழ்ப் பிள்ளை இந்த நாட்டுப் படையில் சேர்ந்துதான் விங் ஆடணும்னா எத்தனை பேர் வருவாங்க? தெல்லிப்பழை மகாஜனாப் பிள்ளைகள் அகில இலங்கைப் பாடசாலைக் கிண்ணம் எடுத்தவங்க, தேசிய அணி வரைக்கும் போனவங்க. பாடசாலை முடிஞ்ச பிறகு அவங்களுக்கு என்ன இருக்கு? மகாஜனாவுக்கே இந்த நிலைன்னா மடுல்சீமையைச் சொல்லணுமா.

"நம்ம பிள்ளைகளுக்கு ஆர்வமில்லம்மா" என்பாங்க. இதுதான் எனக்கு ஆகாத வாக்கியம். 2018ல நாங்க பதினொரு பேர், வலயமட்டப் போட்டிக்கு மூன்று மாசம் பழகினோம். நான் வலது விங். போட்டிக்கு முதல் நாள், கூடப் போக டீச்சர் இல்லன்னு பெயரை எடுத்துட்டாங்க. ஆம்பளப் பிள்ளைகள் வேன்ல போனாங்க. எங்க கோல்கீப்பர் ஓ.எல். முடிச்சதும் கொழும்பில் ஒரு புடவைக்கடைக்கு வேலைக்குப் போனா. மேல் தட்டிலிருந்து எறியுற துணிக்கட்டை அவ ஒன்றுகூடக் கீழ விடமாட்டாளாம், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. ஆர்வமில்லையாம்.

"உடம்புக்கு ஒத்துவராது" என்பது இன்னொன்று. இது நம்ம ஊர்ப் பழமைன்னு நினைக்காதீங்க, துரைமார் ஊர்ச் சரக்கு. முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிரெஸ்டன் நகரத்து டிக், கெர் தொழிற்சாலையில் வெடிமருந்து வேலை செய்த பெண்கள் ஒரு அணி கட்டினாங்க. 1920 டிசம்பர் 26, லிவர்பூல் குடிசன் பார்க்கில் அவங்க ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 53,000 பேர். அடுத்த வருஷம் டிசம்பரில், இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாதுன்னு சொல்லி இங்கிலாந்துச் சங்கம் தன் மைதானங்களை மூடினது. கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் திறக்கல. அதே காலத்தில் எங்க பாட்டிமாரை ஏத்தமும் இறக்கமுமா கூடை சுமக்க வச்சிருந்ததும் அதே இங்கிலாந்துக்காரங்கதான். அதுக்கு மட்டும் உடம்பு ஒத்துவந்துச்சு போல.

உண்மையான தடை எதுன்னா, நேரம். எங்க அம்மா காலையில பெரட்டுக்குப் போனா, கொழுந்து நிறுத்திட்டு வீடு வர அஞ்சு மணி ஆகும். 1,000 ரூபா நாட்சம்பளத்துக்கே எத்தனை வருஷம் கத்தினோம், 2021லதானே கிடைச்சது. ஞாயிற்றுக்கிழமை உடுப்பு, விறகு, தண்ணி. அம்மாவுக்கு நேரம் இல்லன்னா அந்த வேலை மகளுக்கு வரும், மகனுக்கு வராது. அவன் மூணு மணிக்கு மெஸ்ஸி பெனியனைப் போட்டுக்கிட்டு மைதானத்துக்குப் போவான். இதைச் சொன்னா என் தம்பி இரண்டு நாள் பேச மாட்டான், பரவாயில்ல.

அதனால போட்டி நடத்துற அண்ணமாருக்கு நேராச் சொல்றேன். மகளிர் தினத்துக்கு ஒரு நாள் கிண்ணம் வச்சு, மாலை போட்டு, பேஸ்புக்ல படம் போடுறதை நாங்க கேட்கல. சங்கீதக் கதிரையை நீங்களே வச்சுக்கங்க. எங்களுக்கு வேண்டியது ஆறு ஞாயிறு. மடுல்சீமை, பசறை, லுணுகலைப் பக்கத் தோட்டங்களிலிருந்து ஆறே ஆறு அணி, ஏழு பேர் ஆட்டம். ஒரு வாரம் இங்க, ஒரு வாரம் அங்க, அஞ்சு வாரத்துல எல்லாரும் எல்லாரோடயும் ஆடலாம், ஆறாவது வாரம் மழைக்கு. தீபாவளி முதல் பரிசுக் காசில் பாதி இருந்தா வேன் கூலிக்குப் போதும்னு நினைக்கிறேன். கூட வர இரண்டு அக்காமாரை நாங்களே பேசி வச்சிருக்கோம். மைதானம் மூணு மணிக்கு வேணும், அஞ்சு மணிக்கு இல்ல. அஞ்சரைக்கெல்லாம் பனி இறங்கிரும், பந்து தெரியாது. அந்த ஆறு ஞாயிறும் விறகுக்குத் தம்பிமார் போகட்டும்.