சிப்பந்திகளின் இரத்த அழுத்தம்

கோவண்டியிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் 2019-21இல் நடத்திய தேசியக் குடும்பநல ஆய்வில், 15 வயது நிரம்பிய ஆண்களுள் 24 சதவிகிதத்தினரும் பெண்களுள் 21 சதவிகிதத்தினரும் மிகு இரத்த அழுத்தமுடையோர் அல்லது அதற்கு மருந்துண்போர் எனக் கண்டறியப்பட்டது. பெரும்பாலும் அறிகுறியின்றி வளரும் இந்நோய், உடற்பருமனோடு சேருங்கால், பக்கவாதத்திற்கும் மாரடைப்பிற்கும் வழிகோலுகிறது.

இவ்வுண்மையைப் பல்கலைக்கழகங்கள் தம் வாயிலிலேயே மறத்தலாகாது. இரவுக் காவலருக்கு உறக்கமும், சமையற்காரருக்கு உணவும் வேளை தவறுகின்றன. ஒப்பந்தச் சிப்பந்திகள் பலர் மருத்துவமனை சென்றால் அன்றைய கூலியை இழக்க நேரிடுகிறது. ஆதலின், உப்பைக் குறைப்பீர் என்னும் அறிவுரை மட்டும் போதாது. ஆண்டுதோறும் பணிநேரத்திலேயே, கூலி குறைக்காது, அனைவருக்கும் இரத்த அழுத்தமும் இடுப்புச் சுற்றளவும் அளத்தல் வேண்டும். அழுத்தம் 140/90ஐ எட்டியவரை மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். அதன் பொருட்டு எவரையும் வேலைநீக்கம் செய்யலாகாது. ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் தத்தம் நிலையங்களில் இதனை வலியுறுத்துவார்களாக.