வழி காட்டுவதும் தொண்டே

தொண்டு என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன முதியோர் இல்லமும், அநாதை விடுதியும், மருத்துவமனையுமே. அங்கெல்லாம் நடைபெறும் பணி உயர்ந்தது, அதில் ஐயமில்லை. ஆயினும், நம்மில் பலர் நாள்தோறும் கடந்து செல்லும் ஓர் இடத்தில், பத்தே நிமிடத்தில் செய்து முடிக்கக்கூடிய ஒரு தொண்டு யாரும் தொடாமல் கிடக்கிறது. பெரிய ரயில் நிலையத்தில் கையில் பெட்டியும் கண்ணில் கலக்கமுமாய் நிற்கும் பயணிக்கு, அவர் ஏறவேண்டிய பிளாட்பாரத்தைக் காட்டிக்கொடுப்பதுதான் அது. "இதுவும் ஒரு தொண்டா?" என்று சிலர் நகைக்கலாம். தொண்டுதான் என்பதே எங்கள் துணிந்த கருத்து.

ஒரு பெயர், பல நிலையங்கள்

சென்னை சென்ட்ரலையே எடுத்துக்கொள்வோம். வெளியூர்க்காரர் ஒருவருக்குச் "சென்ட்ரல்" என்பது ஓர் இடம். உண்மையில் அங்கே பல நிலையங்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. மணிக்கூண்டுடன் கூடிய செந்நிறக் கட்டடத்திலிருந்து நெடுந்தூர வண்டிகள் புறப்படுகின்றன. அதன் பக்கத்தில், பழைய மூர் மார்க்கெட் இருந்த இடத்தில், கும்மிடிப்பூண்டிக்கும் அரக்கோணத்துக்கும் செல்லும் மின்சார ரயில்களின் நிலையம். சாலையைக் கடந்தால் தாம்பரம், செங்கற்பட்டு மார்க்கத்துக்குரிய பூங்கா நிலையம். இன்னும் சற்றுத் தள்ளி, பெரிய ஆஸ்பத்திரியை அடுத்து, பறக்கும் ரயிலுக்குரிய பூங்கா நகர் நிலையம். 2018-ஆம் ஆண்டு முதல் இவற்றோடு தரைக்கு அடியில் மெட்ரோ நிலையமும் சேர்ந்துகொண்டது. "பூங்கா" என்றும் "பூங்கா நகர்" என்றும் இரண்டு பெயர்களைக் கேட்ட பாட்டிக்குத் தலை சுற்றாதா?

இந்தக் குழப்பத்துக்கு வரலாறும் ஒரு காரணம். 1873-இல் திறக்கப்பட்ட சென்ட்ரல் மதராஸ் ரயில்வேயின் அகலப் பாதைக்கு உரியதாக இருந்தது. 1908-இல் திறக்கப்பட்ட எழும்பூர், தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் பாதை வண்டிகளுக்கு உரியதாக இருந்தது. இருவேறு கம்பெனிகள், இருவேறு பாதைகள், ஆகவே இருவேறு நிலையங்கள்! மீட்டர் பாதை மறைந்துவிட்டது. பழைய பிரிவினை முற்றிலும் மறையவில்லை. கோவைக்குச் செல்லும் சேரன் எக்ஸ்பிரஸ் சென்ட்ரலில் இருந்தும், மதுரைக்குச் செல்லும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் எழும்பூரில் இருந்தும் புறப்படும் வழக்கம் இப்படி வந்ததே. பயணச்சீட்டிலோ சென்ட்ரலுக்கு எம்.ஏ.எஸ். என்றும், எழும்பூருக்கு எம்.எஸ். என்றும் குறியீடு அச்சிடப்படுகிறது. நடுவில் ஓர் எழுத்துத்தான் வேற்றுமை! அந்த ஓர் எழுத்தைக் கவனியாமல், வண்டி புறப்பட அரைமணி இருக்கையில் தவறான நிலையத்தில் வந்து நிற்பவர்கள் எத்தனை பேர்!

தவறினால் என்ன?

"ஒரு வண்டி போனால் அடுத்த வண்டி" என்பது வசதியுள்ளவர்கள் பேச்சு. வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் அக்காவுக்கு அடுத்த வண்டி இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்று, எண்ணி எடுத்துவந்த பணத்தில் மீதியைக்கொண்டு ஊர் திரும்பும் குடும்பத்துக்கு, தவறிய சீட்டு என்பது ஒரு வாரக் கூலி. வேளாங்கண்ணித் திருவிழாவுக்காக ஆந்திரத்திலிருந்து வந்து சென்ட்ரலில் இறங்கும் யாத்திரிகருக்குத் தமிழும் தெரியாது, எழும்பூரும் தெரியாது.

இன்னும் கொடிய விளைவுகளும் உண்டு. புதுதில்லி நிலையத்தில் 2010-ஆம் ஆண்டு மே மாதம், வண்டி வரும் பிளாட்பாரம் கடைசி நேரத்தில் மாற்றப்பட்டதால் எழுந்த நெரிசலில் இருவர் மாண்டனர். அதே நிலையத்தில் 2025 பிப்ரவரி 15-ஆம் நாள் இரவு, கும்பமேளாவுக்குச் செல்லத் திரண்ட கூட்டத்தில் 18 பேர் உயிரிழந்தனர். பிரயாக்ராஜ் எக்ஸ்பிரஸ், பிரயாக்ராஜ் ஸ்பெஷல் என்று ஒரேவிதமான பெயருள்ள இரு வண்டிகளைப் பற்றிய அறிவிப்பில் மக்கள் குழம்பியதும் ஒரு காரணம் என்று காவல்துறையினர் அப்போது தெரிவித்தனர். "எந்தப் பிளாட்பாரம்?" என்ற கேள்விக்கு உரிய நேரத்தில் தெளிவான விடை கிடைப்பது உயிரைக் காக்கும் செயலாகவும் அமையக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

எல்லாம் கைபேசியில் இருக்கிறதே!

இப்படிக் கூறுபவர்கள் உண்டு. கைபேசியில் வண்டி எண்ணை இட்டால் பிளாட்பாரத்தின் எண் வந்துவிடுகிறது, உண்மைதான். 139 என்ற எண்ணுக்குப் பேசினாலும் விவரம் கிடைக்கும். ஆனால் "2ஏ" என்று காட்டும் கைபேசி, அது 2-ஆம் பிளாட்பாரத்துக்கும் 3-ஆம் பிளாட்பாரத்துக்கும் நடுவே இருக்கிறது என்று கையைப் பிடித்துக் காட்டுவதில்லை. எழுத்தறியாதவருக்கும், பார்வையற்றவருக்கும், மின்சக்தி தீர்ந்த கைபேசியை வைத்திருப்பவருக்கும் அதனால் என்ன பயன்?

2023-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் சென்ட்ரல் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்புகளை நிறுத்தி, திரைகளில் மட்டும் விவரம் காட்டும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். ஓசை குறைவது நல்லதே. ஆனால் பயணிகளிடமிருந்து குறைகள் எழுந்ததால், சில நாட்களிலேயே "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்ற பழகிய குரல் மீண்டும் ஒலித்தது. கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று என இரண்டும் வேண்டும். இரண்டாலும் எட்டமுடியாதவருக்கு ஒரு மனிதர் வேண்டும். இதுவே அந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கும் பாடம்.

நிர்வாகத்தார் செய்யவேண்டியவை

ரயில்வே நிர்வாகத்தாரிடம் நாங்கள் பணிவுடன் கேட்டுக்கொள்வன சிலவே. பிளாட்பாரத்தின் எண்ணை முன்கூட்டியே அறிவியுங்கள். அறிவித்த பின் தவிர்க்க முடியாத காரணமிருந்தாலன்றி மாற்றாதீர்கள். மாற்ற நேர்ந்தால், கூட்டம் ஓடாமல் செல்லப் போதிய அவகாசம் கொடுங்கள். சென்ட்ரல் கடைசி நிலையமாதலால் பிளாட்பாரங்கள் எல்லாம் ஒரே முற்றத்தில் வந்து முடிகின்றன. அங்கே தவறினால் நடந்தே சரிசெய்யலாம். வண்டிகள் ஊடே கடந்து செல்லும் விழுப்புரம், திருச்சி போன்ற சந்திப்புகளில் அப்படியன்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழங்கால் வலியுள்ள முதியவர் படியேறி இறங்கவேண்டியிருக்கிறது. பெட்டி நிற்கும் இடத்தைக் காட்டும் பலகைகளையும் பழுதின்றி வைத்திருங்கள். 22 பெட்டிகள் கொண்ட வண்டி ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் நீளம். சரியான பிளாட்பாரத்தில் தவறான முனையில் நிற்பதும் பாதித் தவறல்லவா?

நாம் செய்யவேண்டியவை

பிறரைக் குறை சொல்லி நாம் ஒதுங்கிக்கொள்வது அழகன்று. நம் மக்களிடம் ஒரு விந்தையான பழக்கம் உண்டு. வழி கேட்டால் "தெரியாது" என்று சொல்ல வெட்கப்பட்டு, "அதோ, அந்தப் பக்கம்" என்று கையை நீட்டிவிடுவார்கள். அரைகுறை விடை, விடையின்மையைவிடத் தீங்கானது. ஆகவே பயணிக்கு உதவ விரும்பும் தோழியர் சில விதிகளைக் கைக்கொள்ள வேண்டும்.

முதலாவது, வண்டியின் பெயரைக் கேட்காதீர்கள். ஐந்து இலக்க எண்ணைக் கேளுங்கள். பெயர்கள் ஒன்றுபோல் இருக்கும். எண் ஒன்றுபோல் இராது. பாண்டியன் எக்ஸ்பிரஸ் என்றால் போதாது. சென்னையிலிருந்து செல்வது 12637. மதுரையிலிருந்து வருவது 12638. "பாட்டி, டிக்கெட்டைக் காட்டுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்" என்றால் தயங்காமல் காட்டுவார்கள்.

இரண்டாவது, பிளாட்பாரத்தைத் தேடுமுன் நிலையம் சரிதானா என்று பாருங்கள். எழும்பூருக்குச் செல்ல வேண்டியவரானால் பதற வேண்டாம். பூங்கா நிலையத்திலிருந்து மின்சார ரயிலிலும் அடுத்த நிறுத்தம் எழும்பூரே; மெட்ரோவிலும் அடுத்த நிறுத்தம் எழும்பூரே.

மூன்றாவது, கையை நீட்டாதீர்கள். கூடவே நடந்து செல்லுங்கள். முடியாவிட்டால் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஒன்றைச் சொல்லுங்கள்.

நான்காவது, பார்வையற்றவரைக் கண்டால் அவர் கோலைப் பிடித்து இழுக்கக் கூடாது. "உதவட்டுமா, ஐயா?" என்று கேட்டு, அவர் இசைந்தால் நம் முழங்கையைப் பற்றிக்கொள்ளச் செய்து முன்னே நடக்க வேண்டும். தரையில் மேடு பள்ளமாகப் பதித்த மஞ்சள் ஓடுகள் அவர்களுக்கு வழிகாட்டி. அவற்றின்மேல் நம் பெட்டிகளை அடுக்குவது அவர்கள் பாதையை அடைப்பதற்கு ஒப்பாகும்.

ஐந்தாவது, தெரியாவிட்டால் "தெரியவில்லை, வாருங்கள் விசாரணை அலுவலகத்தில் கேட்போம்" என்று சொல்லுங்கள். இந்தச் சொல்லில் இழிவு ஏதும் இல்லை, நேர்மை இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"பெண்பிள்ளைகள் ரயில் நிலையத்தில் போய் நிற்பதாவது! படிப்பு என்னாவது!" என்று பெற்றோர் கவலைப்படுவது இயல்பே. அக்கவலையை நாங்கள் மதிக்கிறோம். தினந்தோறும் போய் நிற்க நாங்கள் கேட்கவில்லை. பொங்கல், கோடை விடுமுறை, வேளாங்கண்ணித் திருவிழா, தீபாவளி ஆகிய நெரிசல் காலங்களில் ஓரிரு நாட்கள், பகல் வேளையில் மூன்று மணிநேரம் போதும். மேல்வகுப்பு மாணவியர் மட்டும், இருவர் இருவராக, ஒரு சகோதரியோ ஆசிரியையோ உடனிருக்க, நிலைய அதிகாரியின் அனுமதி பெற்றுச் செய்யலாம். யாருடைய பெட்டியையும் தூக்குவதில்லை. அது போர்ட்டர்களின் பிழைப்பு. யாரிடமும் காசு வாங்குவதில்லை. முற்றத்தை விட்டு வெளியே எவருடனும் செல்வதில்லை. இவ்வளவு கட்டுப்பாட்டுடன் செய்தால் இதில் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது?

படிப்புக்கு இடையூறு என்பதையும் நாங்கள் ஏற்கவில்லை. புவியியல் பாடத்தில் வரைபடத்தில் மட்டுமே பார்க்கும் ஊர்களின் மக்களை அங்கே நேரில் சந்திக்கிறோம். முன்பின் அறியாதவரிடம் மரியாதையுடனும் துணிவுடனும் பேசப் பழகுகிறோம். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பது பழமொழி. தான் பிழைப்பதற்கு மட்டுமன்றிப் பிறருக்கு உதவவும் அந்த வாய் பயன்படட்டுமே! நாளை நாமும் மேற்படிப்புக்கென்றோ வேலைக்கென்றோ மொழி தெரியாத ஊரில் வண்டி மாற நிற்கப்போகிறவர்கள்தாமே?

ஆகவே, தோழியரே, வருகிற ஆண்டில் நம் பள்ளியின் சமூகசேவைத் திட்டத்தில் இப்பணியையும் சேர்த்துக்கொள்ளுமாறு தலைமைச் சகோதரி அவர்களை வேண்டிக்கொள்வோம். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த முறை ரயில் நிலையத்தில், பலகையையும் பயணச்சீட்டையும் மாறிமாறிப் பார்த்துத் திகைக்கும் ஒருவரைக் கண்டால், ஒரு நிமிடம் நின்று, "எந்த வண்டிக்குப் போகவேண்டும்?" என்று நாமே முன்வந்து கேட்போம். பொருட்செலவு இல்லாத தொண்டு இது. செய்யத் தயங்குவானேன்?